ஈரத்துணி

பழைய ரொட்டி வண்டி ஒன்றைச் சாப்பாட்டு வண்டியாக மாற்றித் தருவதாக ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு வெல்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. மனைவி போன பிறகு அவர் வயிறு அந்தப் புருஷன் பெண்டாட்டி கொண்டுவரும் மதியச் சாப்பாட்டை நம்பித்தான் இருந்தது. எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். வாடகைக்கு ஒற்றை அறை; அதிலேயே சமைத்துப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இப்போது வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாடி முழுக்க வாடை, இந்த மாதத்தோடு அந்த அறையில் அடுப்பு எரியக் கூடாது.

வெல்டர் ஓய்ந்த நேரமெல்லாம் தகரம் வெட்டினார். அடுப்பைப் பொருத்தி, அதன் மேலே புகைக்கூண்டும் விசிறியும் வைத்து, பக்கவாட்டில் ஒரு குழாயை வெளியே விட்டார். அந்த விசிறிமேல் அவருக்குத் தனிப் பெருமை.

"கீழே நின்னா முடியெல்லாம் பிச்சுக்கிட்டுப் போயிடும். உனக்கென்ன மாப்ளே, கவலையே இல்லை" என்று வழுக்கைத் தலைப் புருஷனைச் சீண்டுவார். அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

வண்டிக்கு அனுமதி தருமுன் சோதிக்க நகராட்சி அதிகாரியம்மா காலையில் வந்தார். அடுப்பில் வெங்காயம் வதங்கியது. அவர் மெல்லிய காகிதத் துண்டொன்றைப் புகைக்கூண்டின் சல்லடைக்கு நேரே பிடித்து விட்டார். விசிறி இழுத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். காகிதம் ஆடி ஆடி அடுப்பு மேடையில் விழுந்தது. மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது. வண்டிக்குள் புகை மண்டி எல்லோரும் இருமினார்கள்.

வெல்டர் விசிறியை அண்ணாந்து பார்த்தார். தன் கையால் செய்ததுதான் இவர்கள் குடியைக் கெடுத்துவிட்டதோ?

"இன்னொரு வண்டி பார்த்துட்டு மதியம் வர்றேன். சரியா இருந்தா இன்னைக்கே அனுமதி. இல்லேன்னா அடுத்த மாசம்தான்" என்று சொல்லி அதிகாரியம்மா இறங்கிப் போனார்.

வெல்டர் வெளியே ஓடிக் குழாய் வாய்க்குள் கையை விட்டார். ஈரத்துணி! கண்டபடி திணித்ததல்ல, நன்றாகப் பிழிந்து, சுருட்டி, ஓரமெல்லாம் விரலால் அழுத்திச் செருகியது.

"நான்தாண்ணே" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "நம்ம வாடை வெளியில போயி, யாராவது வந்து கத்திட்டாங்கன்னா? அந்தம்மா முன்னாடி வேண்டாமேன்னு..."

"அறிவிருக்கா உனக்கு? வண்டியோட மூக்கையே அடைச்சு வெச்சிருக்கே!" புருஷன் பாய்ந்தான்.

"கத்தாதே மாப்ளே."

கத்தியவன் அடங்கினான். வண்டிப் படியில் உட்கார்ந்தான். "ரூம்ல அடுப்புப் பத்த வைக்குமுன்னே கதவிடுக்குல, ஜன்னல் சந்துல எல்லாம் ஈரத்துணி அடைப்பாண்ணே. வந்த புதுசுல நான்தான் அடைக்கச் சொல்லிக் குடுத்தேன்."

அந்தச் சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தினமும் பிரித்துச் சாப்பிட்டவர் வெல்டர். அவற்றைக் கட்டியவள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சமைத்தாள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. துணியை உதறி அவள் கையிலேயே கொடுத்தார்.

"மேடையைத் துடை தங்கச்சி. துணி அதுக்குத்தான்."

மதியம் அதிகாரியம்மா வந்தார். வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் வாடை சந்து முழுக்கப் பரவியது. எதிர்மாடியில் ஒரு ஜன்னல் படீரென்று சாத்திக்கொண்டது.

அவள் உடம்பு ஒடுங்கியது. கை தானாக அடுப்பின் திருகுக்குப் போனது. புருஷன் மெல்ல, "நீ கிளறு. கத்தினா நான் பேசிக்கறேன்" என்றான்.

திருகில் இருந்த கை அங்கேயே நின்றது. பிறகு கரண்டியை எடுத்தது.

அதிகாரியம்மா காகிதத்தை விட்டார். அது விருட்டென்று மேலே போய்ச் சல்லடையில் அப்பிக்கொண்டது. அவர் தலையசைத்து, அதை எடுத்துக்கொண்டு அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வெளியே போனார். அவளோ இன்னும் அந்த மூடிய ஜன்னலையே பார்த்தபடி, கண்ணைத் துடைக்காமல், அடுத்த பிடி வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள்.