இருபத்தாறு கறுப்பு வயர்கள்

தன் புல்லட்டில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கவேண்டும், அதுவும் வெளியே தெரியாமல் பைப்புக்குள்ளேயே போகவேண்டும் என்று ஜெபின் கேட்டபோது பால்ச்சாமி தயங்கவில்லை. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த வேறு இரண்டு பேர் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நிறத்தை வைத்துத்தான் எந்த வயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க முடியும். எல்லாம் கறுப்பு என்றால் இழுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"எனக்குத் தெரிஞ்சாப் போதும்லா," என்றான் பால்ச்சாமி. "நான் எங்க போயிரப் போறேன்."

அது எழுபத்தொன்றாம் வருடத்து வண்டி. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மோட்டார் ரூமுக்குள் கிடந்தது. பழைய வயரையெல்லாம் எலி தின்றிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளராக வேலை பார்த்த ஜெபின் அதை வாங்கி, ஒரு வருடமாகத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டிருந்தான். பின்பக்கச் சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கினான். ஆறு வோல்ட் வண்டியைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னான். பால்ச்சாமி பதினெட்டு நாள் உட்கார்ந்து, ஹேண்டில் பைப்புக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு வயராகச் செலுத்தி இழுத்தான். சீட்டுக்கு அடியில் இருபத்தாறு முனைகள் தொங்கின. இனி அவற்றை இணைக்கவேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பால்ச்சாமி பக்கவாதம் வந்து குழாயடியில் விழுந்தான். அப்போது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது.

மதுரையில் ஒன்றரை மாதம் வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள் அவன் மனைவி மாரிசெல்வி. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது "ஆமா" என்ற ஒரு சொல்தான். அதை மட்டும் முன்பு சொன்னது போலவே, லேசாக இழுத்து, தெளிவாகச் சொன்னான்.

"அவருக்குப் பழக்கமான வேலை நடக்கிற இடத்துல உக்கார வைங்க," என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். "அவர்கிட்டப் பேசிக்கிட்டே இருங்க."

ஜெபின் பார்க்க வந்தான். ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைத்தான். வண்டியைப் பற்றி அவன் வாய் திறக்குமுன் மாரிசெல்வியே சொன்னாள்.

"வண்டி இங்கனயே கெடக்கட்டும்பா. நாங்க முடிச்சுத் தாரோம்."

"நீங்களாக்கா?"

"அவிய சொல்லுவாவ. நான் செய்வேன்."

அவளுக்கு வேலை தெரியாமல் இல்லை. பஞ்சு மில்லில் வைண்டிங் பிரிவில் ஒன்பது வருடம் அறுந்த நூலை முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. ஷிப்ட் முடிந்து கடைக்கு வந்தால் அவனுக்கு வயர் சீவிக்கொடுப்பாள், முனைகளில் ஈயம் உருக்கி வைப்பாள். இப்போது மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு, காலையில் அவனைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் கடைக்குத் தள்ளிவந்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தினாள். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை முன்னால் ஒரு வயரில் வைத்து, பின்னால் எந்த வயருக்கு விளக்கு எரிகிறது என்று தேடினாள். எரிந்ததும் அதை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவாள்.

"இது பிரேக் லைட்டுக்குப் போறதாங்க?"

"ஆமா."

உடனே ஒரு வெள்ளைத் துணி டேப்பை ஒட்டி அதில் பேனாவால் எழுதுவாள். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. அதற்குமேல் அவன் தலை தொங்கிவிடும்.

இரண்டாவது வாரம் ஹாரன் வேலை செய்தது. பேட்டரியைத் தொட்டுப் பித்தானை அமுக்கியதும் கடையே அதிரச் சத்தம் வந்தது. பால்ச்சாமியின் வாய் ஒரு பக்கமாகக் கோணி, அவன் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. அன்று அவள் நான்கு முறை ஹாரன் அடித்தாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரில் யார் கேட்டாலும், "பேச்சுத்தான் வரல. உள்ள அம்புட்டும் அப்பிடியே இருக்கு," என்றாள்.

ஆறாவது வாரம் கடைசியாக இரண்டு வயர்கள் மிஞ்சின. சாவியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோவது ஒன்று. வண்டிச் சட்டத்தோடு சேரவேண்டிய எர்த்து ஒன்று. பல்புகள் வழியாகச் சுற்றி வந்ததால் டெஸ்ட் லாம்ப் இரண்டுக்கும் எரிந்தது. அவள் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுதான எர்த்து?"

"ஆமா."

அதைச் சட்டத்தில் முறுக்கினாள். மற்றதை ஃபியூஸ் பெட்டியில் மாட்டினாள். ஜெபினுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். அவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். டேங்க் இன்னும் மாட்டாமல் ஓரமாக இருந்தது. பேட்டரியை இணைத்துவிட்டு, சாவியைப் பால்ச்சாமியின் இடது கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்துத் திருப்பினாள்.

முதலில் நாற்றம்தான் வந்தது. பிறகு சட்டத்தின் ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் புகை. ஜெபின் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். மாரிசெல்வி பேட்டரி வயரைப் பிடுங்கினாள். உருகிய ரப்பர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. புகை அடங்கியதும் பார்த்தால், சீட்டுக்கு அடியில் அவள் டேப் ஒட்டிய முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கடைசி இரண்டு வயரும் இடம் மாறிப்போயிருந்தன.

"பரவால்லக்கா," என்றான் ஜெபின். "மொதல்ல கையக் காட்டுங்க."

அவள் கையைக் காட்டவில்லை. பால்ச்சாமியைப் பார்த்தாள். அவன் புகைந்த வண்டியை, ஹாரன் அடித்த அன்று பார்த்த அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க. உங்க பேரு பால்ச்சாமியா?"

"ஆமா."

"உங்க பேரு சிவபாண்டியா?"

"ஆமா."

"எனக்குக் கல்யாணம் ஆகலையா?"

"ஆமா," என்றான் அவன், பிரியமாக.

ஜெபின் வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றான். மாரிசெல்வி அழவில்லை. ஆறு வாரமும் அவளேதான் கேட்டு அவளேதான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பாலம்மாளிடம் கணவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளும் கூடப் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த எலக்ட்ரீசியன் பக்கீர் முகமது அரைமணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதுல எதையும் காப்பாத்த முடியாது தங்கச்சி. எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுக்கணும்."

"அவிய பைப்புக்குள்ள விட்டதுமா?"

"அதுவுந்தான்."

அவர் ஹெட்லைட் பக்கமிருந்து கட்டிங் பிளேயரால் வெட்டத் தொடங்கினார். பைப்புக்குள் உருகிப் பிடித்துக்கொண்டிருந்த வயர்களைக் கொத்தாகப் பிடித்துக் காலால் உதைத்து இழுத்தார். பதினெட்டு நாள் வேலை ஒரு சாக்குக்குள் அடங்கிவிட்டது. நடுவில் ஒரு முனையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தவர், "ஈயம் யாரு வச்சது? சுத்தமா இருக்கே," என்றார்.

"நாந்தான் பாய்."

"இங்க ஆளு தேவைப்படுது. வாரியளா?"

அவள் காயம்பட்ட கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள், ராஜபாளையம் வரை இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். சோறு வேண்டுமா என்று கேட்காமல் ஊட்டினாள். வலிக்கிறதா என்று கேட்காமல் புரட்டிப் படுக்க வைத்தாள். அந்த மாதக் கடைசியில் கடையைக் காலிசெய்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, அவனைப் பாலம்மாளிடம் விட்டுவிட்டு, பக்கீர் முகமதின் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவள் வேலையில் சேர்வதற்குள் ஜெபினின் வண்டியை அங்கே முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெபின் போன் செய்தான். "வண்டி நல்லா ஓடுதுக்கா. அண்ணாச்சிட்டக் கொண்டாந்து காட்டட்டா? சத்தம் கேட்டா ஏதாவது ஞாபகம் வரும்லா."

மாரிசெல்வி திரும்பிப் பார்த்தாள். பால்ச்சாமி சாய்ந்து உட்கார்ந்து, மின்விசிறியின் காற்றில் ஆடும் காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்பா," என்றாள். "வண்டி வந்து நின்னு, அவிய அதை அடையாளம் தெரியாமப் பாத்தாவன்னா, என்னால தாங்க முடியாது."

அவள் போனை வைத்துவிட்டு, கணவனுக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டதால் தண்ணீர் எடுக்கப் போனாள்.