இடது ஓரத்துப் பெடல்

பெடல்போர்டின் பையைத் திறந்ததும் சின்னவனுக்கு முதலில் வந்தது பயம். அதைத் தொட்டதற்காக அண்ணன் எழுந்து வந்து பின்மண்டையில் ஒன்று வைப்பாரோ என்று திரும்பியே பார்த்துவிட்டான். அண்ணன் மண்டபத்தின் முன்பக்கம், பெட்டிக்குள், எழுந்து வருகிற உத்தேசம் எதுவும் இல்லாமல் படுத்திருந்தார். நேற்று மத்தியானம் ஒரு ஸ்பீக்கரை வேனில் ஏற்றிவிட்டு, "தண்ணி குடு" என்று கேட்டு, தண்ணீர் வருவதற்குள் வேன் படியிலேயே சாய்ந்தவர்.

வயது ஐம்பதாகிவிட்டது, தலைமுடியும் விடைபெற்றுக்கொண்டுவிட்டது. இருந்தாலும் சின்னவன் இன்னும் சின்னவன்தான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துவான். மாலையானால் கல்யாணம், கிளப், கம்பெனி விழா என்று அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று ரிதம் கிடார் வாசிப்பான். கடைக்காரர் வேறு ஊரில் கிளை திறந்து, நீயே பார்த்துக்கொள் என்று சாவியை நீட்டியபோது அண்ணன் சொன்ன ஒரே வாக்கியத்துக்காக மறுத்தவன். "நீ இல்லன்னா பாட்டு மொட்டையா நிக்கும்டா."

இன்று அடக்கத்துக்கு முன் ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னது அண்ணி. அண்ணனே கட்டிய, வார்த்தையில்லாத மெட்டு அது. எல்லாக் கச்சேரியும் அதில்தான் முடியும். டிரம்மரும் சின்னவனும் போதும் என்றார்.

போர்டு என்பது ஒரு நீளப் பலகை. அதன்மேல் காலால் மிதிக்கிற சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் ஒட்டியிருக்கும். எக்கோவுக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று, சுருதி பார்க்க ஒன்று. "இதும்மேல கால வச்சே, கால் இருக்காது" என்பது அண்ணனின் சட்டம். ஆனால் சின்னவனின் கிடார் வயரும் அந்தப் பலகைக்குள் நுழைந்துதான் வெளியே வரும். அப்போதுதான் கரண்டு இரைச்சல் இருக்காதாம். அங்கிருந்து ஒரு வயர் அவன் காலருகே, அவனுக்கு மட்டும் கேட்கிற சின்ன ஆம்ப் பெட்டிக்கு, இன்னொன்று சபைக்குச் சத்தம் அனுப்பும் மிக்சருக்கு.

அண்ணனின் கிடாரை எடுக்க மனசு வரவில்லை. வழக்கம்போலத் தன்னுடையதையே எடுத்து, வயரை வழக்கமான ஓட்டையில் செருகி, ஒரு முறை மீட்டினான். ஆம்ப்பில் கணீரென்று கேட்டது.

பின்னால் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டபத்துக்காரர் கையைத் தூக்கினார். "சார், உங்க லைன் வரல."

"வருதே."

"அது உங்க பெட்டியில வருது சார். எனக்கு வரல. சபைக்குக் கேக்காது."

டிரம்மர் ஸ்டூலை விட்டு எழுந்தார். "நீ விடுடா, நான் பாக்கறேன்." முட்டிவலி என்று வேனில் ஒரு ஸ்டாண்டைக்கூட ஏற்றாத மனிதர், பலகைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். சின்னவனுக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கொஞ்சம் பழகியிருந்தான். தன் வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனான். அது இடது ஓரத்தில் இருந்த ஒரு பெடலுக்குள் போய் இரண்டாகப் பிரிந்தது. மற்ற பெடல்களின் குமிழெல்லாம் மங்கியிருக்க, அது மட்டும் மிதிபட்டு மிதிபட்டுப் பளபளத்தது.

சட்டத்தை மீறி மிதித்தான். மீட்டினான். மண்டபம் முழுக்க அவன் கிடார் நிறைந்தது.

"இப்ப கேக்குது சார்."

மறுபடி மிதித்தான்.

"போச்சு சார்."

ஆம்ப்பில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அது எப்போதும்போல அவனுக்காக மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"அந்த சுவிட்ச மிதிக்க மறந்துட்டீங்க சார்" என்றார் மண்டபத்துக்காரர், நல்ல மனசோடு.

"அத நான் மிதிக்கறதில்லைங்க."

முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் அண்ணன் இடது காலால் ஒரு தட்டுத் தட்டுவார். தாளத்துக்காக என்று நினைத்து, இத்தனை வருஷமாகச் சின்னவனும் கூடவே தரையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். மாலை ஒத்திகையில் அவன் கிடார் சபைக்கு நன்றாகவே கேட்கும். நீள வயரோடு கடைசி வரிசைவரை நடந்துபோய் வாசித்துக் கேட்டிருக்கிறான். பிறகு அந்தத் தட்டு. கச்சேரிகளைப் போனில் பிடித்துவந்த மகள், "அப்பா, உங்க சத்தத்தையே காணோமே" என்பாள். போன் மைக்குக்கு ரிதம் பிடிபடாது, அதற்குத் தனிக் காது வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறான்.

"உனக்குத் தெரியுமா?" என்று டிரம்மரைக் கேட்டான்.

டிரம்மர் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, அதன் நுனியைச் சோதித்தார். "அண்ணன் சொல்ல வேணாம்னாரு."

"எப்பலருந்து?"

"ஒரு கல்யாணத்துல பொண்ணோட அப்பா வந்து, அந்த ரெண்டாவது ஆள இறக்குங்க, இல்லன்னா எல்லாரும் இறங்குங்கன்னுட்டாரு. நீ எப்பவும் அர அடி முன்னாடி ஓடுவடா. பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி. தம்பி இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்னாரு அண்ணன். அப்பறந்தான் இது." ஆறுதல் என்று நினைத்து ஒன்றைச் சேர்த்தார். "எப்பவும் மூடி வைக்க மாட்டாரு. மழ வந்து கூட்டம் கலஞ்சிருச்சுன்னா தொறந்து விடுவாரு. பாவம், அவனுக்கும் ஆச இருக்கும்லன்னு சொல்லுவாரு."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. மழையில் நனைந்த காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் தான் மிகச் சிறப்பாக வாசித்ததாக அவன் பலரிடம் சொல்லியிருந்தான்.

முன்பக்கம் போனான். அண்ணி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் வந்ததும் போனதும் அவருக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணி, உங்களுக்கும் தெரியுமா?"

அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும் தம்பி."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க போயிருப்பீங்க. நீங்க பக்கத்துல நிக்கலன்னா அவருக்குக் கை நடுங்கும்."

"நிக்கறதுக்குத்தான்னா ஒரு கம்பத்த நட்டிருக்கலாமே."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அது நேற்றிலிருந்தே அப்படித்தான். "கம்பத்துக்கு யாரு தம்பி கண்ணாடிக் கடைக் கிளைச் சாவிய நீட்டுவாங்க? நீங்க அதையும் விட்டுட்டு அவருக்காக..." என்று தொடங்கியவர், அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சின்னவன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அண்ணன் எப்போதும் வாயை மூடிக்கொள்பவர்தான். இன்று அதற்கு வலுவான காரணமும் வைத்திருந்தார். சட்டைக் காலரை ஒரு பக்கம் யாரோ கோணலாக மடித்திருந்தார்கள். அதைச் சரிசெய்யக் கை போனது. பாதியில் திரும்பி, பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. டிரம்மர் அவன் காதருகே வந்தார்.

"கோவிச்சுக்காத. அண்ணன் வாசிச்ச ரெக்கார்டிங் என் போன்ல இருக்கு. அத சபைக்கு விட்டுரலாம். நீ பாட்டுக்கு வாசி. உன் பெட்டியில உனக்குக் கேக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"இன்னிக்கு ஒரு நாளு, அவருக்காகடா."

"அவருக்காகத்தான் இத்தன நாளு வாசிச்சேன்."

கிடாரை மாட்டிக்கொண்டான். குனிந்து சின்ன ஆம்ப்பின் சுவிட்சை அணைத்தான். அந்தப் பெட்டியின் விளக்கு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மெல்ல மங்கியது. பிறகு இடது ஓரத்துப் பெடலை மிதித்தான்.

டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ணினார்.

அந்த மெட்டை அண்ணன்தான் வாசிப்பார். சின்னவனுக்குத் தெரிந்ததெல்லாம் மெட்டுக்கு அடியில் ஓடுவது மட்டும். அதைத்தான் வாசித்தான். மேலே ஒன்றுமில்லாமல், கூரை போட மறந்த வீடுபோல அது மண்டபத்துக்குள் நின்றது. தன் கையிலிருந்து புறப்பட்ட சத்தம் தூரத்து ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வருவதை, கூட்டம் இருக்கும் ஓர் இடத்தில், முதல் முறையாகக் கேட்டான். அரை அடி முன்னால்தான் ஓடியது. கல்யாண வீட்டுக்காரர் ஒன்றும் அநியாயமாகச் சொல்லிவிடவில்லை. டிரம்மர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அது இன்னும் முன்னால் போனது. நடுவில் ஒரு விரல் வழுக்கி, தப்பான சுரம் ஒன்று தெளிவாக, பெரிதாக எழுந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் நிறுத்தவில்லை.

பின்னால், எதுவும் தெரியாத மண்டபத்துக்காரர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று, ஒரு விரலால் அவன் லைனை இன்னும் சற்று மேலே ஏற்றினார்.