இடப்பக்கம் திரும்பிய கழுத்து

தைப்பிங்கில் இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய தெய்வானை, ஓய்வு பெற்ற கையோடு தமிழ்நாட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினாள். மகள் தமிழினி, சுற்றுலாக் குழுவோடு போகும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நாப்பது பிள்ளைங்கள ஏத்தி இறக்குனவ நான். என்னைய ஒருத்தன் கொடி புடிச்சிக் கூட்டிட்டுப் போவணுமா? வேணாம்லா."

"சரிம்மா. ஆனா தினமும் வீடியோ கால்ல வரணும். உடம்புக்கு ஏதாச்சும்னா அடுத்த பிளைட்ல வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

இந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் தெய்வானை மலேசியாவிலிருந்து விமானம் ஏறினாள். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு விடுதியில் அறை எடுத்தாள். முதல் இரண்டு நாளும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்குமாகப் போய்வந்து ஊரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது ஊர் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விடுதித் தலையணை செங்கல்லுக்குத் தம்பி. அதில் எந்தக் கோணத்தில் தூங்கினாளோ, தலை இடது தோள் பக்கம் திரும்பியபடி நின்றுவிட்டது. நேராக்கப் பார்த்தால் உச்சந்தலைவரை சுரீர் என்று இழுத்தது. கண்ணாடி முன்னால் போய் நின்றால் காது மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தமிழினி அழைத்தாள். தெய்வானை பதறாமல் யோசித்தாள். போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, உடம்பை முழுசாக வலப்பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். இப்போது முகம் நேராகப் போனைப் பார்த்தது.

"பசியாறிட்டீங்களாம்மா?"

"ஆச்சு, ஆச்சு."

"ஏம்மா அப்படி உட்கார்ந்திருக்கீங்க? பழைய கல்யாண ஆல்பத்துல பொண்ணு போஸ் குடுக்கிற மாதிரி இருக்கு."

"இங்க வெளிச்சம் இந்தப் பக்கந்தான் நல்லா வருது" என்று சொல்லி அவசரமாக அழைப்பைத் துண்டித்தாள்.

மருந்துக் கடை சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. வண்டிகள் வலப்பக்கமிருந்து வரும் சாலையை, இடப்பக்கம் மட்டுமே பார்க்க முடிந்தவள் எப்படிக் கடப்பது? ஓரத்தில் நின்று கணக்குப் போட்டாள். சாலைக்கு முதுகைக் காட்டி நின்றால் வருகிற வண்டிகள் எல்லாம் கண்ணுக்கு நேராக வந்தன. ஆக, பின்பக்கமாகவே நடப்பது என்று முடிவு செய்தாள். நான்கு அடி வைப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னாம்மா, ரிவர்ஸ்ல போய்க்கினு கீற?"

தெய்வானை அவனை முறைத்தாள். முறைக்க நினைக்கவில்லை, தலை அந்தத் திசையில்தான் இருந்தது. அவன் என்ன நினைத்தானோ, கும்பிடு போட்டுவிட்டு அடங்கினான். போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து, கையைக் காட்டி மொத்த சாலையையும் நிறுத்தினார். பேருந்துக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக நாலு செல்போன்கள் நீண்டன. தெய்வானை சாலையின் நடுத்தடுப்புவரை முதுகு காட்டிப் போய், அதன்பின் நேராகத் திரும்பி, மறுபாதியை ராணிபோல நடந்து முடித்தாள்.

கடைக்காரர் கொடுத்த களிம்பில் கழுத்து எரிந்ததே தவிர அசையவில்லை. திரும்பி அறைக்கு வந்தவளைத் துடைப்பத்தோடு நின்ற கங்கம்மா பார்த்துவிட்டாள். கங்கம்மா அந்த விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்பவள். வந்த நாளிலிருந்தே தெய்வானையிடம் உரிமையாகப் பேசுகிறவள்.

"அய்ய, இன்னாக்கா, கழுத்து ஒரே பக்கமா கோணிக்கினு கீது?"

"தலகாணி சரியில்ல."

"சுளுக்குக்கா இது. களிம்புக்கெல்லாம் மசியாது. எங்க கீழ்க்கட்டளையில சத்யபிரியான்னு ஒரு பொண்ணு கீது. ரெட்டைப் புள்ள பெத்த ராசியான கை. அது ஒரு தபா நீவி வுட்டா எந்தச் சுளுக்கும் பறந்துபூடும். வா, நான் இட்டுகினு போறேன்."

வேண்டாம் என்று தலையசைக்கக்கூட முடியாத நிலையில் தெய்வானை ஆட்டோவில் ஏறினாள்.

சத்யபிரியாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்தபோது காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. இரட்டையர்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

"கங்கம்மா, திரும்பவுமா? போன வாரம்தான் ஒரு இடுப்பு வந்துட்டுப் போச்சு."

"பாவம்மா, மலேசியாவுலேர்ந்து ஒண்டியா வந்துக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கு வேலை கிடக்கிறதென்று கங்கம்மா வந்த ஆட்டோவிலேயே போய்விட்டாள்.

சத்யபிரியா பெருமூச்சு விட்டு, ஹெட்போனைக் கழற்றி அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேசை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தாள். மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. பின்னால் நின்று நல்லெண்ணெயைத் தடவி நீவத் தொடங்கினாள்.

"ஆன்ட்டி, உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. ரெண்டு குழந்தை சேர்ந்து பொறந்துச்சு, அவ்வளவுதான்."

"இதுவரைக்கும் யாருக்காச்சும் சரியாப் போயிருக்காம்மா?"

"தெரியல ஆன்ட்டி. யாரும் திரும்பி வந்ததில்ல."

தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து வலித்தது. வலியில் "அம்மாடி" என்று கத்தினாள். மடிக்கணினியிலிருந்து ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில், யார் அந்த அம்மா என்று கேட்டது.

சத்யபிரியாவின் கை நின்றது. மீட்டிங் தொடங்கியிருந்தது, கேமரா திறந்திருந்தது. திரையில் ஆறு முகங்கள். அந்த ஆறையும் தெய்வானை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்க அவளால் முடியாது.

"மலேசியாவிலிருந்து வந்திருக்காங்க" என்று ஆங்கிலத்தில் இழுத்தாள் சத்யபிரியா.

யாரோ வெளிநாட்டுப் பெரிய அதிகாரி என்று அந்தப்பக்கம் நினைத்துவிட்டார்கள் போலும். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவர் வாயில் போட்ட முறுக்கை மெல்லாமல் நிறுத்தினார். தினமும் ஒன்றரை மணி நேரம் இழுக்கும் மேலாளர், மலேசியாவிலிருந்து வந்த அந்த அசையாத பார்வைக்கு முன்னால் பதினொரு நிமிடத்தில் எல்லாவற்றையும் பேசி முடித்து, தெய்வானைக்குத் தனியாக ஒரு நன்றியும் சொல்லிவிட்டு மறைந்தார்.

சத்யபிரியா நாற்காலியில் விழுந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, மூணு வருஷத்துல இப்படி ஒரு நாள் நடந்ததே இல்ல. மிச்சமான நேரத்துல உங்களை நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகையில் கீழ்க்கட்டளையின் இடப்பக்கம் முழுவதையும் தெய்வானை பார்த்தாள். மருத்துவரம்மா பரிசோதித்தார். தசைப்பிடிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெந்நீர் ஒத்தடம் சொன்னார். தலையணையே வைக்காதீர்கள் என்றார்.

அன்று மாலை, ஒத்தடத்துக்குப் பிறகு, தெய்வானை தானே மகளை அழைத்தாள். உடம்பைத் திருப்பாமல் உட்கார்ந்தாள். திரையில் தமிழினிக்கு அம்மாவின் காதுதான் தெரிந்தது.

"கழுத்து புடிச்சிக்கிச்சு. டாக்டர்கிட்ட போயாச்சு. நீ வரவேணாம்."

"யாரும்மா கூட்டிட்டுப் போனது?"

"ரெட்டைப் பிள்ளைங்களோட அம்மா. நல்ல பொண்ணுலா. சாப்பாடு குடுத்து அனுப்பியிருக்கு."

தமிழினி விமானச் சீட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. என்ன சாப்பாடு என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாளில் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை சத்யபிரியாவின் அழைப்பு வந்தபோது தெய்வானை இருபக்கமும் தாராளமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, உடனே வாங்க. கங்கம்மா தெரு பூரா சொல்லிட்டாங்க. வாசல்ல எட்டுப் பேர் நிக்கிறாங்க. மாத்திரைலதான் சரியாச்சுன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

தெய்வானை மாத்திரை அட்டையோடு போனாள். முதுகைப் பிடித்தவர், காலைப் பிடித்தவர், காரணமே இல்லாமல் கணவரைப் பிடித்து இழுத்துவந்தவர் என்று கூட்டம் நின்றது. முன்னால் கங்கம்மா.

"இந்தா பாருங்க, எனக்குச் சரியானது இந்த மாத்திரைல. டாக்டர் இங்க கீழ்க்கட்டளையிலதான் இருக்காங்க" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள் தெய்வானை.

"மாத்திரை சும்மா பேருக்குதான்க்கா. கை வெச்சது யாரு?" என்றாள் கங்கம்மா.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னே வந்தார். "அம்மா, அந்தக் கழுத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க பாப்போம்."

தெய்வானை திருப்பினாள்.

"அப்படி?"

அந்தப்பக்கமும் திருப்பினாள்.

பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தன் முழங்காலைத் தடவியபடி சத்யபிரியாவின் வாசற்படியில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.