டோரீனின் நாற்காலி

பாஸ்டனில் இரவெல்லாம் பனி கொட்டி, எங்கள் தெருக் கார்கள் வெள்ளை மேடுகளாகிவிட்டன. அன்று ஆறு மணிக்கு எனக்கு மாலை வகுப்பில் கணக்குத் தேர்வு. விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது மேடு என்னுடையது என்று இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காலையில் தோண்டினேன். இரண்டு மணி நேரத்தில் வெளிப்பட்டது எதிர்வீட்டு நர்ஸ் டோரீனின் கார். என்னுடையது அடுத்த மேடு.

"ஏம்ப்பா டெக்லன், எண்ணத் தெரியாத நீ கணக்குப் பரீட்சையா எழுதப்போறே?" என்று சிரித்தார் டோரீன். காரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புமுன், காலியான இடத்தில், வேறு யாரும் கார் நிறுத்தாமலிருக்க, தன் மடக்கு நாற்காலியைப் போட்டார். "தோண்டினவனுக்குத்தான் இடம். இனி இது உன்னுது."

பகலில் படித்துவிட்டு நாலு மணிக்குத்தான் மறுபடி தோண்டினேன்; ஐந்து மணிக்கு என் கார் பாதிதான் வெளியே தெரிந்தது. வேலை முடிந்து திரும்பிய டோரீன் நாற்காலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக் காத்திருந்தார். அவருடைய நாற்காலிதான், ஆனாலும் அவர் தொடவில்லை.

"என்னப்பா, எடுக்கிறியா?"

கேட்பது நியாயமா என்று தயங்கினேன். பிறகு, "முதல்ல என்னை வகுப்புல விடுங்க, வந்ததும் இடம் உங்களுக்கு" என்றேன்.

"பரவாயில்லையே, கணக்கு வருது! ஏறு."

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினேன்.