பங்காளி வீட்டுப் பொண்ணு

விஜி பெரியவளானதிலிருந்து வீட்டில் அவளைத் தவிர எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். எதைத் தொடலாம், எதைத் தின்னலாம் என்று ஆளுக்கொரு சட்டம். மர்பி டவுனின் அந்த ஒற்றை அறை வீட்டில் ஒதுங்கி உட்கார ஏது இடம்? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு பாயைப் போட்டு ஒன்பது நாள் உட்கார வைத்தார்கள். விஜி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். தண்ணீர் ஊற்றும்போது ஜுனாலி பக்கத்தில் நிற்க வேண்டும்.

"முறைக்காரப் பொண்ணுங்கதான் நிக்கணும்" என்றாள் அம்மா தனக்கோடி. "அவ வந்து சாப்ட்டு போவட்டும்."

ஜுனாலி மாடியில் ஷீட் கூரை போட்ட வீட்டுப் பெண். அப்பா ஓர் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். அசாமிலிருந்து வந்த ஒன்றரை வருடத்தில் விஜியிடம் தமிழ் கற்றுக்கொண்டு, பதிலுக்கு அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பக்கத்துக்காரர் யாராக இருந்தாலும் தெருவுக்கு அவர்கள் பெங்காலிதான். போன மாதம் யாரோ நாலு பேர் வந்து அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு "பெங்காலியா, பங்களாதேஷா?" என்று கேட்டு, ஆதார் கார்டையெல்லாம் புரட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பெங்காலி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ஜுனாலிக்கு முகம் வெளுத்துவிடும். விஜி அதைப் பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியாத்தத்திலிருந்து அத்தை ருக்மிணி வந்து இறங்கினாள். வாசலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசிப் பலகையில் உட்கார்ந்திருந்த விஜியைக் கதவோரத்திலிருந்து பார்த்துச் சிரித்தாள் ஜுனாலி.

"யாரு இந்தப் பொண்ணு?" என்றாள் அத்தை.

"மேல் வூட்டு பெங்காலிப் பொண்ணு" என்றாள் பக்கத்து வீட்டு ஆஞ்சலா.

"பங்காளிப் பொண்ணா? அப்ப ஏன் அங்க நிக்குது? தங்கச்சி முறையாச்சே. வாம்மா, தட்டைப் புடி."

ஆஞ்சலா அதற்குள் நகர்ந்துவிட்டாள். தனக்கோடி பின்னால் சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விஜி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லவில்லை. கேட்டது கிடைத்தபின் யாராவது வாயைத் திறப்பார்களா? ஸ்பீக்கர் சத்தத்தில் எதுவும் காதில் விழாத ஜுனாலி, அத்தை கைகாட்டிய இடத்தில் வந்து தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஜிக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் சொம்பு ஊற்றியதும் அத்தைக்குச் சந்தேகம் தட்டியது. ஜுனாலியின் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"நம்ம ஜாடையே இல்லியே. நெசமா சொல்லு, நீ பங்காளிதானே?"

ஜுனாலி காதில் அது பெங்காலி என்றுதான் விழுந்தது. "இல்ல ஆன்ட்டி. நா அது இல்ல. அசாம். ஆதார் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

ஆதார் எங்கிருந்து வந்தது என்று அத்தைக்கு விளங்கவில்லை. பங்காளி இல்லை என்பது மட்டும் விளங்கியது. தட்டை வாங்கிக்கொண்டாள். ஜுனாலி ஒரு தரம் விஜியைப் பார்த்தாள். மாட்டிவிட்டது நீயா என்று கேட்பதுபோல் இருந்தது, காப்பாற்று என்பதுபோலவும் இருந்தது. பிறகு மாடிப்படி ஏறினாள்.

விஜி எழப் போனாள். "தண்ணி முடியாம எறங்கக் கூடாது" என்று அத்தை தோளை அழுத்தினாள். கூப்பிட்டாவது நிறுத்தலாம். ஆனால் என்ன சொல்லி? பங்காளிதான் என்றால் அத்தை தட்டைத் திருப்பிக் கொடுப்பாள், ஜுனாலி கதவைச் சாத்திக்கொள்வாள். இல்லை என்றால் ஜுனாலி நிற்பாள், அத்தை பக்கத்தில் விடமாட்டாள். எதுவானாலும் சரி என்று விஜி வாயைத் திறந்தாள். இரண்டாவது சொம்புத் தண்ணீர் வாய்க்குள் போனது.