ஆளுக்கு ஒருத்தர்

"நைனா எங்கிட்ட இருக்கட்டும். அம்மாவ நீ கூட்டிக்கினு போ. ஆளுக்கு ஒருத்தர்னா யாருக்கும் பாரமில்ல."

"சரிண்ணா. பாப்பாவ பாத்துக்க ஆள் வேணும்னு எம் பொண்டாட்டியும் சொல்லிக்கினே இருக்கறா."

நகரிப் பக்கத்து நிலத்தைப் பாகம் பிரித்த அன்று வேணுவும் அவன் தம்பி கிரண்குமாரும் பேசியது இவ்வளவுதான். கிணறு யாருக்கு என்று முடிவு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. அன்றிலிருந்து அப்பா கோவர்த்தனன் சித்தூரில் வேணுவோடு. அம்மா ரத்தினம்மா திருப்பதியில் கிரணோடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொண்டார்கள். இருவருமே ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் வேணுவை உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கும் இந்த வருடம் எழுபது முடிந்தது. எழுபது கடந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இருவருக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று கிரண் அவளைக் காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மாலையே அவள் திரும்பிவிட வேண்டும்.

சித்தூரில் வேணுவின் வார்டு அரசு அலுவலகமான சச்சிவாலயத்தில் வேலை பார்க்கும் பிரியங்கா, போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகம் பதிவானால்தான் அட்டை.

"தாத்தா, இக்கட! இங்க பாத்து கண்ண சிமிட்டுங்க."

அப்பாவின் பார்வை எதிர் பெஞ்சில் இருந்த அம்மாவிடம் போய்விட்டது. பதிவாகவில்லை. மறுபடி பிடித்தாள். மறுபடியும் அப்படியே.

"ஆயாவ வீட்டுக்குப் போய் பாத்துக்கங்க தாத்தா. அவங்க எங்க ஓடிடப் போறாங்க?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இன்னா அப்படிப் பாத்துக்கினு? ஒழுங்கா துன்றதில்லியா? இப்படி எளச்சிக் கெடக்கறீங்க."

"நீ மட்டும் இன்னாவாம், பெருத்தா கெடக்கற?"

ஒருவழியாக முகம் பதிவானது. அம்மாவுக்கும் முடிந்தது. பிரியங்கா வேணுவைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் இருக்கறது ஒரே வீடுதானே சார்?"

"இல்லம்மா. நைனா இங்க. அம்மா திருப்பதில, தம்பி வீட்ல."

"அய்யோ, ஏன் சார்? சண்டையா?"

வெகுளியாகத்தான் கேட்டாள். சண்டை என்று சொல்ல முடிந்திருந்தால்கூட வேணுவுக்குத் தேவலை போலிருந்தது.

"சண்டைலாம் இல்லம்மா," என்றான், தரையைப் பார்த்தபடி. "எங்க வசதிக்கு... நாங்கதான் பிரிச்சி வெச்சோம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாத்திரை தீர்ந்துபோனால்கூட வாய் திறந்து கேட்காத அப்பா, எழுந்து வந்து வேணுவின் கையைப் பிடித்தார்.

"வேணு, அம்மாவ திருப்பி அனுப்பாதப்பா. இங்கனாலும் சரி, அங்கனாலும் சரி... எங்கள ஒரே வூட்ல வெய்யிடா."