முழுமையாக அணைக்கப்படவில்லை

லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இன்னோர் இயங்குதளமாக லினக்ஸை நிறுவுவது பாதியில் நின்றுவிட்டது. திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. விண்டோஸ் முழுமையாக அணைக்கப்படவில்லை, அதனால் இந்த டிஸ்க்கைப் பிரிக்க முடியாது என்று அதில் இருந்தது. முந்தைய நாள் படுக்கப்போகும் முன் ஷிப்ட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நான்தான் அணைத்தேன். அப்படிச் செய்தால்தான் முழுதாக அணையும் என்று படித்திருந்தேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டு, மறுபடி வந்து திருகைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். இதில் தவறியிருக்க மாட்டேன்.

அப்படியென்றால் அதற்குப் பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள்.

லேப்டாப் அண்ணனுடைய பழையது. பேட்டரி நிற்காது என்பதால், மூடியைச் சாத்தினால் அப்போதிருப்பதை அப்படியே சேமித்துக்கொண்டு உறங்கும்படி அவன் வைத்திருந்தான். அவனுக்குப் பெயின்ட் கடை. எந்த வாடிக்கையாளருக்கு எந்தக் கலவையில் நிறம் கலந்தான் என்பதெல்லாம் விண்டோஸ் பக்கம் இருந்தது. அதைத் தொடாமல் பக்கத்தில் வேறெதை வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று அனுமதி தந்திருந்தான். பாஸ்வேர்டு வைக்க மட்டும் விடவில்லை. வீட்டுக்குள்ள பூட்டு எதுக்கு என்பான். லினக்ஸ் பக்கம் என்றால் நான் பூட்டிக்கொள்ளலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பூட்ட வேண்டியது ஒரு கடிதம். வேறு ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். ‘எட்டாம் வகுப்பு மாதிரித் தேர்வு’ என்று பெயர் மாற்றி அதைச் சேமித்து வைத்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து காலையில் அண்ணியும், டியூஷன் சென்டரிலிருந்து வந்த பிறகு நானும் அவரைப் பார்த்துக்கொள்கிறோம். அண்ணி மதியம் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பி நான் வந்து சேரும் வரை உள்ள கொஞ்ச நேரத்துக்கு டிவியைப் போட்டுவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வலது கை போய்விட்டது. பேச்சில் ‘சரி’ மட்டும் மிஞ்சியது. பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. படிப்பதும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் போனால் அண்ணி வேலையை விட வேண்டியிருக்கும். இதை நானே கணக்குப் போட்டிருந்தேன் என்றால் அண்ணி எப்போதோ போட்டிருப்பார்.

பிளக் இருக்கும் இடத்தில்தான் மேசை. அப்பாவின் நாற்காலியும் அதை ஒட்டியே இருந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் வாசலிலிருந்து வருபவர்களுக்குத் திரையின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும்.

பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் வழியாக விண்டோஸ் பக்கத்தைத் திறந்தேன். பார்க்க மட்டும் விட்டது, எதையும் மாற்ற விடவில்லை. அதுவே போதும். கடைசியாகத் திறந்த கோப்புகளுக்கு ஒரு தனி ஃபோல்டர் உண்டு. அன்றைய தேதியில் அதில் ஒன்றே ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பு மாதிரித் தேர்வு. நேரம் காலை எட்டே முக்கால். நான் கிளம்பிய பிறகு. அண்ணன் கடையில். வீட்டில் அண்ணி.

அத்தனை கேள்வித்தாள்களுக்கு நடுவில் நேராக அதைத் திறந்திருக்கிறார்.

அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நேராகக் கேட்க வராது. போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணி, காலைல லேப்டாப்ப யாராச்சும் எடுத்தாங்களா?”

“யாராச்சும்னா? இருந்தது நானும் மாமாவும். என்னைத்தான் கேக்குறேன்னு சொல்லு.”

“இல்ல, சும்மாதான்.”

“உங்கண்ணனோட அந்த ஓட்ட டப்பாவ நான் எதுக்குத் தொடப்போறேன்.” போர்வையைத் தன் பக்கம் இழுத்தார். “ஆனா ரெண்டு வாரமா நான் உள்ள வந்தாலே மூடியச் சாத்துற. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். யாரு அவன்?”

“அவன்லாம் யாருமில்ல அண்ணி.”

“அப்ப அவரா?”

சிரிக்காமல்தான் கேட்டார். படித்துவிட்டு இப்படிக் கேட்கிறாரா, படிக்காததால் கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணை உறையின் நான்கு மூலைகளையும் அவ்வளவு நிதானமாக யாரும் நீவிவிட மாட்டார்கள்.

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். “என் கலரெல்லாம் உசுரோட இருக்கா?”

“இருக்குண்ணா.”

“போயிருந்தா இப்பவே சொல்லிடு. நாளைலேர்ந்து வெள்ளை மட்டும் வித்துக்குறேன்.”

அவனும் தெரிந்துகொண்டுதான் விளையாடுகிறானோ என்று தோன்றியது. இருவரும் பேசி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்று காத்திருப்பார்கள். நேற்று இரவு அண்ணி எனக்கு மட்டும் தனியாக ஆம்லெட் போட்டுத் தந்ததுகூட வேறு மாதிரி தெரிந்தது.

மேசைக்குத் திரும்பினேன். அதே ஃபோல்டரில் முந்தைய நாள் நான் தட்டிய பயிற்சித்தாளும் இருந்தது. இரவு சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிய பிறகு தட்டியது. அதன் நேரம் மாலை நாலு என்று காட்டியது. நாலு மணிக்கு நான் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன். பென் டிரைவ் லினக்ஸுக்கு நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. நான் அதற்குச் சொல்லவும் இல்லை. கோப்புகளின் நேரத்தையெல்லாம் உலகப் பொது நேரத்தில் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இயற்பியல் படித்தவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். கூட்டினேன். மதியம் இரண்டே கால். தாளில் எழுதி மறுபடி கூட்டினேன். அதே இரண்டே கால்.

அப்போது அண்ணி கடையில். நான் பஸ்ஸில். கதவு வெளியே பூட்டியிருந்தது.

மூன்று மணிக்கு வந்தபோது மவுஸ் லேப்டாப்பின் இடது பக்கம் கிடந்தது. மேசையைத் துடைத்த அண்ணி மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்து, நினைத்ததைக்கூடக் கவனிக்காமல், எடுத்து வலது பக்கம் வைத்திருந்தேன்.

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் சட்டியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார்.

நிறுவலைத் தொடர வேண்டுமென்றால் வழி ஒன்றுதான். விண்டோஸை எழுப்பி ஒழுங்காக அணைக்க வேண்டும். பென் டிரைவை உருவிவிட்டு எழுப்பினேன். எந்த நிலையில் உறங்கப்போனதோ அந்த நிலையிலேயே அது எழுந்தது. கடிதம் திறந்தபடி வந்தது. கடைசிப் பக்கம். எழுத்துகளை யாரோ பெரிதாக்கியிருந்தார்கள். ஒரு வரியில் இரண்டு சொற்களுக்கு மேல் கொள்ளவில்லை. நான் சேர வேண்டிய தேதி திரையின் நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது.

எல்லோரிடமிருந்தும் மறைத்த திரையை அப்பா பக்கம் மட்டும் நான் மறைத்ததே இல்லை. பெயரை மாற்றியபோதும் அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

“அப்பா, இத நீங்களா தொறந்தீங்க?”

“சரி.”

“உங்களால படிக்க முடியுதா?”

“சரி.” கண் டிவியிலேயே இருந்தது.

எவ்வளவு நாளாக என்று கேட்க நினைத்தேன். அதற்கும் அதுதான் வரும். அவர் படுக்கை விரிப்பைப் பற்றி அண்ணி முணுமுணுத்ததும், அவரை எங்காவது சேர்த்துவிடலாமா என்று அண்ணன் ஒருமுறை கேட்டதும், நான் பதில் சொல்லாமல் இருந்ததும் எல்லாம் இந்த நாற்காலிக்கு முன்னால்தான். ஒரு மேசைக்கு முன்னால் பேசுவதைப்போலப் பேசியிருந்தோம். ஸ்பூனை இடது கையில் வைத்தால் நழுவவிடுகிறவர், அதே கையால் பொத்தானை அழுத்தி, மவுஸை நகர்த்தி, மூடியையும் சாத்தியிருக்கிறார். அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

விண்டோஸை அணைக்கவில்லை. கடிதத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். எழுத்துகளைப் பழையபடி சிறிதாக்கினேன். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, மவுஸை இடது பக்கம் வைத்தேன்.

“தண்ணி கொதிக்க வெச்சுட்டு வரேன்ப்பா.”

“சரி.”

அடுப்படி வாசலில் நின்றால் அவர் முகம் பக்கவாட்டில் தெரியும். மூக்குக்கண்ணாடியில் டிவியின் நிறங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. அவர் தலை மேசைப் பக்கம் திரும்பியது. நிறங்கள் நின்று, கண்ணாடி முழுக்க வெள்ளையாயிற்று. நான் அடுப்பின் பக்கம் திரும்பவில்லை. அந்த வெள்ளைக்குள் பொடிப்பொடியாக இருந்த கறுப்பு, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.